பதினைந்து வருட வேலை, எட்டு நாள் விடுப்பு

மலேசியாவின் செராஸிலும் கிள்ளானிலும் அரசுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கூட்டித் துடைக்கும் பெண்களில் பலர், ஒரே கட்டடத்தில் பத்து, பதினைந்து வருடங்களாக வேலை பார்க்கிறார்கள். ஏட்டில் மட்டும் அவர்கள் புது ஆட்கள்.

காரணம் குத்தகை முறை. சில வருடங்களுக்கு ஒருமுறை டெண்டர் மாறும், புது நிறுவனம் வரும். ஆளும் வேலையும் அப்படியே இருக்க, சேவைக் காலம் மட்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். ஐந்து வருடத்தைத் தாண்டினால் 16 நாள். ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படித்தான்: 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, சேவை கூடக் கூட, வருடத்துக்கு 10 நாள் சம்பளம் என்பது 15 ஆகி, 20 ஆகும். இந்தப் பெண்கள் அந்தப் படிகளில் ஏறுவதற்குள் குத்தகை முடிந்துவிடுகிறது.

இழப்பு இதோடு நிற்பதில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குச் செலுத்த வேண்டும். பணம் உண்டு. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் கைவிட்டுப் போகப்போகும் ஆளுக்கு எந்த நிறுவனம் தொழில் கற்றுக்கொடுக்கும்? ஆள் நீடித்தால்தான் பயிற்சிச் செலவு திரும்பி வரும். பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இலேயே இந்தக் கணக்கை விரிவாக எழுதிவிட்டார்.

படித்தவர்களையும் இது விடவில்லை. 2016 டிசம்பர் முதல் அரசு புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. 2021 ஜூலை 26 அன்று அவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றபோது கேட்டது நிரந்தர வேலை மட்டுமல்ல, நிபுணத்துவப் படிப்புக்கான வழியும்தான். வேலை உறுதி இல்லாதபோது பயிற்சியும் எட்டாமல் போனது.

முதலாளிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. நிரந்தரத் தொழிலாளியைக் காரணமின்றி நீக்கினால், அவர் 60 நாளுக்குள் புகார் செய்யலாம். தொழில் நீதிமன்றம் 24 மாதம் வரை பின்சம்பளம் தரச் சொல்லலாம். இந்தச் சுமைக்கு அஞ்சித்தான் குத்தகை என்பார்கள். ஸ்பெயின் 1984இல் இந்த வழியில் போனது. நிரந்தரப் பாதுகாப்பைத் தொடாமல் தற்காலிக ஒப்பந்தங்களைத் தாராளமாக்கியது. தொழிலாளர்கள் இரண்டு வகுப்பாகப் பிரிந்தார்கள். தற்காலிக ஆட்களுக்குப் பயிற்சியும் குறைந்தது, ஊதியமும் குறைந்தது. அதைச் சீராக்க 2021 இறுதியில் அந்த நாடு சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

இங்கே 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நேற்று சேர்ந்தவருக்கும் பதினைந்து வருடம் உழைத்தவருக்கும் அதே 1,700 என்றால், அனுபவத்துக்கு விலையே இல்லை.

சேவைக் காலத்தை ஏற்காத நிறுவனத்துக்கு டெண்டர் இல்லை என்று அரசு ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். குத்தகை விடுவதே அரசுதான்; அடுத்த டெண்டரிலேயே அதைச் செய்யலாம்.