ஹம்மிங்கும் எர்த் கம்பியும்

வீட்டுக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் அமைத்துச் சங்கீதம் கேட்கும் வழக்கமுடையவர்களுள், பாட்டின் அடியில் ஓயாது ஒலிக்கும் ‘உம்ம்’ என்ற முரலொலியால் என்றேனும் மனம் சலியாதவர் சிலரே. மெக்கானிக்குகள் இதனை ‘ஹம்மிங்’ என்பார்கள். இதனை நிவர்த்திக்க நம் ஊர்களில் வெகு சுலபமாகக் கையாளப்படும் உபாயம் ஒன்றுண்டு. மூன்று முனைப் பிளக்கின் பருத்த எர்த் முனையைப் பிடுங்கிவிடுவதோ, பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடுவதோதான் அது. பல வீடுகளில் முரலொலி அக்கணமே அடங்கிவிடுகிறது என்பதும் மெய்யே. ஆயினும், என்றேனும் ஒருநாள் உள்ளிருக்கும் மின்கம்பியின் உறை நைந்து உலோகப் பெட்டியைத் தொட நேருமாயின், எர்த் இல்லாத அப்பெட்டி 230 வோல்ட்டைத் தன் மேலே தாங்கியபடி யாதொரு அடையாளமும் காட்டாமல் இருக்கும் என்பதை, அந்த உபாயத்தைச் செய்தவர் சொல்வதில்லை. எர்த் இருந்திருந்தால் ஃபியூஸோ ட்ரிப்பரோ விழுந்து அபாயத்தை அறிவித்திருக்கும்; இல்லாதபோது, தூசி துடைக்கக் கைநீட்டும் மனிதனின் தேகமே மின்சாரம் பூமிக்குச் செல்லும் மார்க்கமாகிறது.

(தொழிற்சாலையிலேயே இரு முனைப் பிளக்குடன் செய்து, சதுரத்துக்குள் சதுரம் என்ற முத்திரையிட்ட சாதனங்கள் இரட்டைக் காப்புடையவை, அவற்றை இக்கண்டனம் தீண்டாது.)

எர்த்தின்மேல் பழி விழுவதற்குக் காரணம், முரலொலி பிறக்கும் விதத்தை நாம் விசாரியாமையே. நம் தேசத்து மின்சாரம் விநாடிக்கு 50 அலைகளாக வருவது. ஆம்ப்ளிஃபயர் வீட்டு எர்த்துடனும், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரின் உலோக உறை தெருவில் வேறோரிடத்தில் பூமியுடனும் இணைந்திருக்குமாயின், அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள சொற்ப வோல்ட்டேஜ் வித்தியாசம், பாட்டைச் சுமந்து செல்லும் வயரின் உறை வழியாகவே சிறிது மின்சாரத்தைச் சுற்றிவரச் செய்கிறது. ஆம்ப்ளிஃபயரோ பாட்டையும் அதையும் பேதமின்றிப் பெருக்கிக் கொடுக்கிறது. ஆகவே அறுக்க வேண்டியது, பாட்டு வரும் பாதையில் அமைந்துவிட்ட இந்த வளையத்தையே.

நோயின் இடம் அறிவது கடினமன்று. முதலில் வால்யூமை அடியோடு குறைத்துப் பாருங்கள். அப்போதும் முரலொலி சற்றும் மாறாதிருந்தால், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயருக்குள் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கும் பகுதியில் உள்ள ஃபில்டர் கண்டன்சர் வயதாகி வலுவிழந்திருக்கும். இந்த ஒலி சாதாரணமாக விநாடிக்கு 100 அலைகளாக இருப்பதால், வளையத்தால் எழும் ஒலியைவிட ஒரு ஸ்தாயி மேலே நிற்பதைச் சுருதி ஞானமுடையவர் காதாலேயே கண்டுகொள்வர். ஆனால் பெட்டியைத் தாமே திறக்க அவர்களும் முற்படலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வால்யூமுக்கு ஏற்ப முரலொலியும் ஏறி இறங்குமாயின், சாதனங்களை நிறுத்திவிட்டு இன்புட் வயர்கள் யாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எதனோடு ஒலி வருகிறது என்று பாருங்கள். கேபிள் வயரைக் கழற்றுமுன் டெஸ்டரால் அதன் உறையைத் தொட்டுப் பார்ப்பது நலம். டெஸ்டர் எரிந்தால் அதை அப்படியே விட்டுக் கேபிள்காரருக்குச் சொல்லிவிடுங்கள். அது ஹம்மிங்கைவிடப் பெரிய விவகாரம். வளையம் கேபிளால்தான் என்று தெளிவானால், அவ்வயரில் ஐசோலேட்டர் ஒன்றைப் பொருத்தலாம். இல்லையேல் செட்டாப் பாக்ஸிலிருந்தோ டி.வி.யிலிருந்தோ ஆப்டிகல் வயர் மூலம் பாட்டைக் கொண்டுவரலாம், அதில் செல்வது ஒளியாதலால் வளையத்துக்கே இடமில்லை. எல்லாச் சாதனங்களையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து இயக்குவதாலேயே பல வீடுகளில் பாதி உபத்திரவம் தீர்ந்துவிடும். இசைத்தட்டுப் பிரியர்கள், பிளேயரின் தனி எர்த் கம்பி ஆம்ப்ளிஃபயரின் பின்புறத் திருகில் மாட்டியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ஹம்மிங்கோடு விளக்குகளும் மங்குவதும் மிகையாகப் பிரகாசிப்பதுமாக இருந்தால், சங்கீதத்தை மறந்து மெயினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கக்கூடும். அந்நிலையில் ஒரு வீட்டுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் வர நேரிடலாம். மீட்டர் வரையில் உள்ள பழுது மின் வாரியத்தின் பொறுப்பு. அதற்கப்பால் உள்ள வயரிங்கும் எர்த்தும் வீட்டுக்காரருடையவை. வாரியம் செவிசாய்க்காவிடில், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரையும் நாடலாம்.

புதிதாக வாங்கிய சாதனமே முரலுமாயின், “விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படமாட்டாது” என்று கடையில் தொங்கும் அட்டையைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். பழுதான பொருளை ரசீதில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும், ரசீது கொடாமையையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பணம் பெற்றுக்கொண்டு எர்த்தை வெட்டிச் சென்ற மெக்கானிக்கின் காரியம் சேவைக் குறைபாடு என்று வாதிப்பதற்கும் தாராளமாய் இடமுண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். பயனில்லையேல், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, வக்கீல் இன்றியும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமின்றியும் புகார் அளிக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதனைச் செய்தாக வேண்டுமாதலால், ரசீதையும் வாரண்டி அட்டையையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.