கூடித் தங்கிக் கற்றல்

யப்பானியப் பாடசாலைகளிலே ‘கஷ்ஷுகு’ என்றொரு வழக்கமுண்டு. கூடுதல், தங்குதல் என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துக்களாலான சொல் அது. விளையாட்டுக் குழுவினரும் இசைக் குழுவினரும் வீட்டை நீங்கி, ஓரிடத்தில் இரவு தங்கிப் பயில்வர். ஆங்கிலம் கற்கும் மாணாக்கருக்கும் இத்தகைய பாசறைகள் நடைபெறுகின்றன.

அந்நாட்டார் ஆங்கிலத்துக்குப் புதியவரல்லர். 1859ஆம் ஆண்டில் யொக்கோகாமாவுக்குச் சென்ற அறிஞர் புக்குசாவா யுகிச்சி, தாம் வருந்திக் கற்ற ஒல்லாந்த மொழி அங்கே பயன்படாமை கண்டு, ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். எனினும், சீன நூல்களைச் சொற்களை இடமாற்றிப் பொருள்கொண்டு படித்த பழைய முறையே ஆங்கிலக் கல்வியிலும் வேரூன்றியது. கண் அறிந்த மொழியை நா அறியாதாயிற்று. இக்குறை தீர்க்க 1987இல் அரசினர் வகுத்த திட்டத்தின்கீழ், நான்கு நாடுகளிலிருந்து 848 இளைஞர் துணையாசிரியர் முதலிய பணிகளுக்கு வந்தனர். இத்தகைய துணையாசிரியரே பாசறைகளிலும் பெரும்பாலும் உதவுகின்றனர்.

மாணாக்கர் படும் இடர் தமிழருக்கு எளிதில் விளங்கும். நம் மொழியைப் போலவே யப்பானிய மொழியிலும் வினை வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். ஆங்கிலத்திலோ அது இடையில் வந்துவிடும். மெய்ம்மயக்கமும் அவ்வாறே. இராமன், உலோகம் என முன்னே உயிர் சேர்ப்பது நம் மரபு. இடையிலும் ஈற்றிலும் சேர்ப்பது அவர் மரபு. ஓரசையாகிய ‘ஸ்ட்ரைக்’, அவர் வாயில் ‘சு-தொ-ர-இ-கு’ என ஐந்து மாத்திரையாக விரியும். லகர ரகர வேறுபாடும் அவர் மொழியில் இல்லை. ஆதலின், ‘ரைஸ்’ உண்டேன் என்று சொல்லவந்த சிறுவன், பேனைக் குறிக்கும் ‘லைஸ்’ உண்டேன் என்று சொல்லிவிடக்கூடும்.

அவ்வேளையில் உதவுவோர் நகைத்துவிட்டால், அச்சிறுவன் பாசறை முடியுமட்டும் வாய் திறவான். பிழைக்கு நாணும் பிள்ளைக்கு மௌனமே அரணாகும். அம்மௌனத்தை அறியாமை என்று கொள்ளலாகாது. உள்ளத்தில் ஒரு வாக்கியம் உருவாகிக்கொண்டிருக்கும். விரைந்து எடுத்துக்கொடுப்பவர் உதவுபவர்போலத் தோன்றினும், உண்மையில் அவ்வாக்கியத்தைப் பறித்துக்கொள்பவரே. காத்திருத்தல், பொருள் விளங்கியதை முகத்தாற் காட்டுதல், பின்னர்த் திருந்திய வடிவைத் தம் விடையிலேயே அமைத்துக் கூறுதல்: இவை மூன்றுமே தக்க உதவியாம்.

வகுப்பு நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே காத்திருக்கப் பொழுதில்லை. பாசறையிலோ உண்ணும்போதும் படுக்கை விரிக்கும்போதும் பேச்சுக்கு இடமுண்டு. உப்பைத் தரும்படி கேட்கும் ஒரு சிறு வாக்கியம் பிழையோடு பிறந்தாலும், உப்புக் கைக்கு வந்துசேரும். தன் சொல் பயன்பட்டதென்று பிள்ளை அறிகின்ற இடம் அதுவே. பரீட்சைப் புள்ளிகள் அவ்வறிவைத் தருவதில்லை.