ரைன் நதியின் சால்மன்: நீர் தெளிந்தது, வழி திறக்கவில்லை

1986 நவம்பர் 1-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடுத்திருந்த சான்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய நீருடன் பூச்சிகொல்லிகள் ரைன் நதியில் கலந்தன. ஆறு செந்நிறமாக ஓடியது. விலாங்குமீன்கள் பெருந்தொகையில் மாண்டன.

கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீன், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ரைனில் அற்றுப்போயிருந்தது. 2000-ஆம் ஆண்டுக்குள் அதனை மீட்டுக்கொணர்வது என்று 1987-இல் கரையோர நாடுகள் இலக்கு வகுத்தன. இது அரசியல் சாதுரியம் மிக்க தேர்வு. வேதியியல் அளவீடுகள் விளங்காத வாக்காளருக்கும் மீன் வந்ததா, இல்லையா என்பது விளங்கும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பால் நீர் தெளிந்தது, சால்மனும் திரும்பியது. அணைகளோ அசையவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை, மேல் ரைனின் எல்லைப் பகுதியில் நீர்மின் உரிமையை பிரான்சுக்கு அளித்தது. பாசலுக்குக் கீழே 1932 முதல் 1977 வரை பத்து மின்நிலையங்கள் எழுந்தன. மீன்கள் படிப்படியாக ஏறிச்செல்லும் தொட்டி வழிகள் இஃபெட்சைமில் 2000-இலும், காம்ப்சைமில் 2006-இலும், ஸ்டிராஸ்பூர்க்கில் 2016-இலும், கெர்ஸ்தைமில் 2019-இலும் திறக்கப்பட்டன. பாசலை எட்டுவதற்கு அமைச்சர்கள் குறித்த கெடு 2020. அது முடிந்தபோதும் ரைனாவ், மார்கோல்சைம், வோகல்கிரூன் அணைகள் வழிமறித்தே நின்றன.

சட்டம் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர் நெறிமுறை, மீன்வளத்தையும் ஆற்றின் தடையற்ற தொடர்ச்சியையும் நீர்நிலையின் தரத்துக்கு அளவுகோலாக்கியது. கெடு 2015, விதிவிலக்குகளுடன் 2027. ஜெர்மனியின் வேசர் நதியை ஆழப்படுத்தும் திட்டம் தொடர்பான வழக்கில், நீரின் தரத்தைச் சீர்குலைக்கும் திட்டங்களுக்கு அனுமதி மறுப்பது அரசுகளின் கடமை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் இது புதிய தீங்கைத் தடுக்கும் ஆயுதம். பழைய அணை நிற்கும் நீர்நிலையை 'பெரிதும் மாற்றப்பட்டது' என வகைப்படுத்தி, குறைந்த இலக்கோடு நிறுத்திக்கொள்ள அதே நெறிமுறை இடமளிக்கிறது. மேல் ரைன் அவ்வாறே வகைப்படுத்தப்பட்டுள்ளது.

சட்டத்தைக் காட்டிலும் அண்டை நாடுகளின் நெருக்குதல் பலித்த தருணமும் உண்டு. ரைன் கடலில் கலக்கும் வாயில்களில் ஒன்றான ஹாரிங்வ்லீட்டின் மதகுகளைச் சற்றே திறக்கும் திட்டத்தை நெதர்லாந்து அரசு 2010-இல் கைவிட முனைந்தது. மீன்வழிகளுக்குப் பணம் செலவிட்டிருந்த மேல்நதி நாடுகள் எதிர்த்தன. முடிவு மாற்றப்பட்டு, 2018-இல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.