வண்டி விடும் புகை

நான் மோட்டார்த் தொழில் கற்றவன் அல்லன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். எனினும் முதுமையில் எனக்கு ஆசிரியராக வந்து வாய்த்தது ஒரு பழைய மோட்டார் வண்டி. அது எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஓய்வு பெற்ற பின்னர், 2009-ஆம் ஆண்டில் பதிவான டீசல் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். ஜீப்பைப் போல உயர்ந்தும், காரைப் போல மூடப்பட்டும், குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்லும் இவ்வகை வண்டியை எஸ்.யூ.வி. என்று அழைக்கிறார்கள். சில திங்கள் சென்றபின் ஒருநாள் சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைமீது ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில், பின்புறம் காட்டும் கண்ணாடியைத் தற்செயலாக நோக்கினேன். சாலையோரம் நடந்து வந்த பள்ளிச் சிறுவர் மூவர், என் வண்டி விட்ட கரும்புகையின் நடுவே, புத்தகப் பையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றனர். பிள்ளைகளிடையே வாழ்நாளைக் கழித்தவனுக்கு அக்காட்சி எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மலையின் அழகு எதுவும் அன்று என் கண்ணில் படவில்லை.

ஊர் திரும்பியதும் புகைச் சோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவாகி ஓராண்டு கடந்த வண்டி ஒவ்வொன்றும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வைத்திருத்தல் வேண்டும். என்னுடையதைப் போன்று பி.எஸ். நான்காம் நிலைக்கு முற்பட்ட வண்டிக்கு அச்சான்றிதழ் ஆறு திங்களுக்கே செல்லும். சோதனை எளியது. எஞ்சினைச் சூடேற்றி, முடுக்கி மிதியை விரைந்து அழுத்துவார்கள். வெளிவரும் புகையினூடே ஒளியைச் செலுத்தி, அவ்வொளியில் எவ்வளவு மறைக்கப்படுகிறது என்பதைக் கருவி கணக்கிடும். என் வண்டி போன்றவற்றுக்கு அவ்வெண் 2.45-க்கு மேற்படலாகாது. பி.எஸ். நான்காம் நிலை வண்டிகளுக்கு வரம்பு 1.62. எனக்குக் கிடைத்ததோ 3.4! மாணவர் எத்தனையோ பேருக்குத் தேர்ச்சியில்லை என்று எழுதிய கை, அன்று அதே தீர்ப்பைப் பெற்றுக்கொண்டு திரும்பியது.

உடனே இரு குறுக்கு வழிகள் என்னை நாடி வந்தன. வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் கூறினார். விடைத்தாளைத் திருத்தாமல் மதிப்பெண் இடுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லையாதலால், அவரை வணங்கி அனுப்பிவிட்டேன். மற்றொருவர் பட்டறைக்காரர். வண்டியைத் தொட்டும் பாராமல், "நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், ஐம்பதாயிரம் ஆகும், இல்லையேல் இ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிடலாம், சோதனையில் தேறிவிடும்" என்றார். முன்னதற்குப் பணம் இல்லை. பின்னது என்னவென்றே எனக்கு விளங்கவில்லை. ஆகவே டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன்.

அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. "ஐயா, புகை என்ன நிறம்? எப்பொழுது வருகிறது? இவ்விரண்டையும் முதலில் சொல்லுங்கள்" என்றார். நேயர்களே, பழைய வண்டியின் நோயை அறிவதற்கு இவ்விரு வினாக்களே தலைவாயில்.

நீலப் புகை வருமாயின் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். வால்வுத் தண்டின் சீல்களோ, டர்போவின் சீலோ பழுதுற்றிருக்கலாம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெண்புகை வந்து மறைவது பெரிதும் எரியாத டீசலின் ஆவி. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நீங்காமல், ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர் தலையின் கேஸ்கெட்டை ஐயுற வேண்டும். கரும்புகையோ, டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். ஒரு கிலோ டீசல் எரிவதற்கு ஏறக்குறைய 14.5 கிலோ காற்று தேவை. அது குறையுங்கால் எரியாது எஞ்சும் கரியே புகையாக வெளிப்படுகிறது.

என் வண்டியின் புகை கருமை. சுமையுடன் ஏற்றம் ஏறும்போதே அது மிகுந்தது. "அப்படியானால் காற்று வரும் வழியை முதலில் பார்ப்போம், விலை குறைந்ததிலிருந்து தொடங்குவோம், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுவோம், மாற்றியபின் அளப்போம்" என்றார் மாணவர். அறிவியல் முறை என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியதை அவர் கரி படிந்த கையால் செய்து காட்டினார்.

ஆயிலின் அளவையும், டைமிங் பெல்ட்டின் நிலையையும் முன்னதாகப் பார்த்துக்கொண்டார். பெல்ட் நைந்த வண்டியைச் சோதனைக்காக உச்ச வேகத்துக்கு முடுக்கினால் எஞ்சினே உடையக்கூடும். பின்னர் ஏர் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்தார். ஒளி ஊடுருவவில்லை. புதியதை இட்டு அளந்தபோது 3.4 என்பது 2.9 ஆயிற்று.

அடுத்து டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் ரப்பர்க் குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஒரு குழாயின் அடிப்புறம் எண்ணெய்ப் பசையாக இருந்தது. கழற்றி வளைத்தபோது விரல் நீளத்துக்கு ஒரு பிளவு வாய் திறந்தது. வண்டி நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் டர்போ காற்றை அழுத்தும்போது திறந்துகொள்ளும். மிதித்த அளவுக்கு டீசல் செல்கிறது. காற்று மட்டும் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. மலைப்பாதையில் கண்ட கரும்புகையின் காரணம் அங்கே இருந்தது. புதுக் குழாயின் விலை எண்ணூறு ரூபாய். அளவு 1.9-க்கு இறங்கியது.

வரம்புக்குள் வந்துவிட்டதே, போதும் என்றேன். அவர் இணங்கவில்லை. இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் காட்டினார். அது கரி அப்பிப் பாதி திறந்தபடியே நின்றிருந்தது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துவது இவ்வால்வின் வேலை. அதனால் சிலிண்டருக்குள் எழும் உச்ச வெப்பம் தணிகிறது. வெப்பம் தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவாகத் தோன்றுகின்றன. மூட வேண்டிய வேளையில் மூடாமல் நின்றால் காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும், கரும்புகை மிகும். துப்புரவு செய்து பூட்டியபின் அளவு 1.4. இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டிய தேவையே எழவில்லை.

முன்னவர் சொன்னபடி வால்வை அடைத்திருந்தாலும் கரும்புகை குறைந்திருக்கும், சான்றிதழும் கிடைத்திருக்கும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகியிருக்கும். அவை நம் கண்ணுக்குத் தெரியா. ஒளியின் மறைப்பை மட்டும் அளக்கும் அக்கருவிக்கும் தெரியா. வெயிலில் ஓசோன் உருவாவதற்குக் காரணமாகி, மூச்சுப்பையைப் புண்படுத்துபவை அவை. என்னைத் தேர்ச்சி பெறச் செய்து, சாலையோரத்துச் சிறுவனை அவ்வழி தண்டித்திருக்கும். சோதனையில் தேறுவது வேறு, குற்றம் நீங்குவது வேறு என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அவ்வண்டிகளில் புகைக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அது கெட்டுவிட்டது என்றால் உடனே புதியதைப் பொருத்தாதீர்கள். தீப்பொறி தவறுவதோ, ஆயில் எரிவதோ அதைக் கெடுத்திருக்கலாம். காரணத்தை நீக்காவிடில் புதியதும் கெடும்.

பழைய வண்டி வாங்கச் செல்வோர், விற்பவர் முன்னரே சூடேற்றி வைத்த எஞ்சினைப் பார்த்து ஏமாறலாகாது. காலையில் சென்று, மூடியைத் தொட்டுக் குளிர்ச்சியை உறுதி செய்துகொண்டு, முதல் முடுக்கலில் வரும் புகையைப் பாருங்கள். பின்னர் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. ஆதலால் 1.4 என்ற எண் என் வண்டியைக் குற்றமற்றதாக்கிவிடவில்லை. குற்றத்தைக் குறைத்தது, அவ்வளவே. அருகிலுள்ள இடங்களுக்கு இப்பொழுது நடந்தே செல்கிறேன். வண்டி எடுக்கும் நாட்களில், ஏற்றம் வரும்போதெல்லாம் பின்புறக் கண்ணாடியைப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. முன்னே செல்லும் வழியைப் பார்ப்பது நம் நலத்துக்கு. பின்னே விட்டுச் செல்வதைப் பார்ப்பது பிறர் நலத்துக்கு. இரண்டையும் பார்த்து ஓட்டுவோமாக.