வைத்தியரும் தாதியரும் ஒருங்கே பயிலல்

நாடகம் மேடையேறுமுன் ஒத்திகை பார்க்கின்றோம். ஒத்திகையிற் பிழைத்தால் நகைப்போடு போம். மேடையிற் பிழைத்தால் மானம் போம். நோயாளியின் கட்டிலருகே பிழைத்தாலோ உயிரே போம். அவ்வாறிருந்தும், வைத்திய மாணவரும் தாதிய மாணவரும் பெரும்பாலும் வேறு வேறாகப் பயின்று, நோயாளியின் முன்னிலையிலேயே முதன்முதல் ஒன்றுகூடுகின்றனர். இக்குறையைத் தீர்க்க எழுந்ததே, பாவனை நோயாளியைக் கொண்டு இருசாராரும் ஒருங்கே பயிலும் முறை.

1960இல் நோர்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளரான ஆஸ்மண்ட் லேர்டால், மூச்சூட்டிப் பழகுதற்கென ஆளளவான பொம்மையொன்றைச் செய்தளித்தார். 1963இல் அமெரிக்க வைத்தியர் ஹவார்ட் பரோஸ், நலமுள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவரைச் சோதித்தார். சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986 முதல் பல்வேறு சுகாதாரத் துறை மாணவரை ஒருங்கே பயிற்றலாயிற்று. 2010இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய கூட்டுக் கல்வியை வற்புறுத்திற்று.

பயிற்சி நடைபெறுமாற்றை நம்மூர் உதாரணத்தாற் காண்போம். வெலிமடைத் தோட்டமொன்றிலிருந்து வந்த தாய்க்குப் பிள்ளை பிறந்தபின் குருதி நிற்கவில்லை எனக் கொள்வோம். கட்டிலிற் கிடப்பது பொம்மை. அதன் குரலாக ஒருத்தி, "தலை சுத்துதுங்க, கண்ணு இருட்டுது" என்கின்றாள். வைத்திய மாணவர் தமிழறியார். தாதிய மாணவி அறிவாள். நோயாளி யார், நேர்ந்தது யாது, தான் கண்டது யாது, வேண்டுவது யாது என்பவற்றை அவள் முறையாகக் கூறல் வேண்டும். அவர், "ஒட்சிற்றோசின் 10 அலகு, தசையில்" எனப் பணிக்க, அவள் அதனைத் திருப்பிச் சொல்லி, ஊசி ஏற்றியபின் "ஏற்றியாயிற்று" எனவும் அறிவிப்பாள். செவி பிழைத்திருப்பின் அது அங்கேயே திருந்தும்.

பயிற்சி முடிந்ததும் அனைவரும் அமர்ந்து, எவரையும் பழியாது, நிகழ்ந்ததை ஆராய்வர். கல்வியின் உயிர்நிலை இதுவே. "குருதியை முன்னரே கண்டேன், கூறத் தயங்கினேன்" என அவள் சொல்லலாம். "நான் உம்மை வினவவில்லை" என அவர் ஒப்பலாம். அத்தயக்கம் பொம்மையின் முன் தீர்ந்தால், மெய்யான தாயொருத்தி பிழைப்பாள்.

இதற்கு விலையுயர்ந்த பொம்மை இன்றியமையாததன்று. ஓர் அறையும், நடிக்க ஒருவரும், உண்மை பேசும் மனமும் போதும். தோட்டத்துத் தமிழ் நம் பழைய மாணவர் பலர்க்குத் தாய்மொழி. பதுளையிலோ பிறிதோரிடத்தோ இத்தகைய பயிற்சி நடைபெறுங்கால், நோயாளியாக நடிக்க அவர் முன்வருவாராக. அதுவும் ஒரு தானமே.