ஆலயக் கதவும் நூதனசாலைச் சீட்டும்

ஒரு தேவாலயம் எப்போது திறக்கப்படுகிறது, எவர் உட்செல்லலாம் என்பன வாயிற்காவலரின் அலுவல்களாகவே தோன்றலாம். ஆயின் அக்கட்டடம் எவருக்குரியது என்ற வினா அந்நேர ஒழுங்கினுள்ளேயே பொதிந்துள்ளது. இதனை உருசிய மரபுவழித் திருச்சபையின் ஆலயங்களைக் கொண்டு நாம் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

அத்திருச்சபையின் வழிபாட்டு நாள் மாலையிலே தொடங்குவது. மாலை வழிபாடு, மறுநாட் காலைத் திருவழிபாடு என்னும் ஒழுங்கே சிற்றூர் ஆலயங்களின் திறப்பு நேரத்தையும் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. ஏனைய வேளைகளில் அவை பூட்டியிருத்தல் வழமை. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதோர் வழிபாட்டின் நடுவே வெளியேற்றப்பட்டனர். கதவுகளைக் காக்குமாறு விசுவாசப் பிரமாணத்திற்கு முன் தியாக்கோன் விடுக்கும் அழைப்பு இன்றும் ஒலிக்கிறது, எவரும் வெளியேறுவதில்லை. சமூகத் தேவை மறைந்த பின்னரும் சடங்கு எஞ்சி நிற்பதற்கு இஃது ஒரு தெளிவான சான்று.

1918இன் தொடக்கத்தில் சோவியத் அரசு திருச்சபையை அரசினின்றும் பிரித்து, அதன் சொத்துக்களைப் பொதுவுடைமையாக்கியது. அப்போது பெத்ரோகிராட் எனவும் பின்னர் லெனின்கிராட் எனவும் வழங்கிய சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில், 1818 முதல் 1858 வரை கட்டப்பட்ட புனித ஐசாக் பேராலயம் 1931இல் நூதனசாலையாயிற்று. புவியின் சுழற்சியைக் காட்டும் பூக்கோவின் ஊசல் அதன் குவிமாடத்திலிருந்து தொங்கவிடப்பட்டது. செபத்திற்குரிய தளத்திலே பொதுமக்கள் பௌதிகவியலைக் கண்ணாற் கண்டனர். அறிவைப் பரப்பிய இம்முயற்சியின் சிறப்பை நாம் குறைத்துக் கூறோம். எனினும் அதே கதவு வழிபடுவோருக்குச் சாத்தப்பட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஊசல் 1986இல் அகற்றப்பட்டது. 1990இல் வழிபாடு மீண்டும் இடம்பெற்றது. அது முதல் ஒரே கூரையின் கீழ் இரு நேர ஒழுங்குகள் நிலவுகின்றன: பார்வையாளர் சீட்டு வாங்குவர், வழிபட வருவோருக்குக் கட்டணமில்லை. சமயச் சொத்துக்களைச் சமய நிறுவனங்களுக்குக் கையளிப்பதற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2017 சனவரியில் இப்பேராலயத்தையும் திருச்சபையிடம் ஒப்படைக்கும் முடிவை நகர ஆளுநர் அறிவித்தபோது, ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துத் திரண்டனர். நுழைவு இலவசமாகும் என்றது திருச்சபை. சீட்டு வருவாயே கட்டடத்தைப் பேணுகிறது என்றனர் நூதனசாலையார். கட்டணத்தை நீக்க முன்வந்தோரை முற்போக்காளர் எதிர்த்தமை முரணாகத் தோன்றலாம். ஆனால் அவர்களது அச்சம் கட்டணத்தைப் பற்றியதன்று. திறப்பு நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பொதுமக்களுக்குப் பொறுப்புக்கூறாத ஒரு நிறுவனத்திடம் போய்விடும் என்பதேயாகும். கையளிப்பு நிறைவேறவில்லை.

அவ்வச்சம் முழுவதும் மெய்ப்பட்டதெனவும் கூறமுடியாது. 1932 முதல் சமய வரலாற்று நூதனசாலையாக விளங்கிய கசான் பேராலயம் இன்று திருச்சபையின் வசமுள்ளது. சீட்டின்றி எவரும் உட்செல்லலாம். நூதனசாலையோ வேறொரு கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. அதனைப் பார்க்க விரும்புவோர் இப்போது அங்கே சீட்டு வாங்கவேண்டியுள்ளது.