லாரியின் முதுகில் படியும் புழுதி

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘முன்னால் ஓடுகிற லாரியின் பின்கதவில் ஏன் இவ்வளவு புழுதி அப்பிக்கொள்கிறது? காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போக வேண்டாமா?’ பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில் எழ வேண்டிய கேள்விதான்.

பக்கச் சுவரை ஒட்டி வரும் காற்றால் பின்விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாது, பிரிந்துவிடும். கதவுக்குப் பின்னே அழுத்தம் குறைகிறது. அங்கே காற்று சுழன்று வண்டியை நோக்கியே திரும்பி வரும்போது, சக்கரம் கிளப்பிய புழுதியையும் கூட்டிவருகிறது. அதே அழுத்தக் குறைவு வண்டியைப் பின்னுக்கும் இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்கு.

இதைக் கணினியில் காண, வண்டியைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, காற்றோட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளால் ஒவ்வொன்றிலும் வேகமும் அழுத்தமும் கணக்கிடுகிறார்கள். கிடைப்பது எண்களின் குவியல். அதைக் கோடுகளாக வரையும் இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இருக்கிறது.

மேட்டூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடம் காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது; அடுத்த பத்து நிமிடம், அதே வேகத்தில், வடக்கு நோக்கி. முதலில் கிளம்பிய புகைத்துகள் கிழக்கே போய், பிறகு வடக்கே திரும்பியது. ஆனால் இப்போது வானத்தில் தெரியும் புகையோ புகைபோக்கியிலிருந்து வடக்கே போய், பிறகு கிழக்கே மடங்கியிருக்கும்! துகள் போன பாதை ஒன்று, புகையின் தடம் அதற்கு நேர்மாறு. இந்த நொடியில் காற்றின் திசையை மட்டும் வரைந்தாலோ, வளைவே இல்லாத நேர்கோடு. மூன்றும் உண்மை. ஓட்டம் மாறாமல் இருந்தால் மட்டுமே மூன்றும் ஒரே கோட்டில் சேரும்.

லாரியின் பின்னால் ஓட்டம் ஒருபோதும் அப்படி நிலையாக இருப்பதில்லை. சுழல்கள் பிறந்து பிறந்து கழன்றுபோகின்றன. அப்படியிருந்தும், கல்லூரி புராஜெக்ட் அறிக்கைகளில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் அச்சாகிறது. அது எந்தக் கோடு, எந்த நொடி, ஒரு கணத்தின் ஓட்டமா சராசரியா என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இவ்வளவு கணக்கும் வெறும் அலங்காரமாகப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நூலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. விரல் நீள நூல் துண்டுகளைப் பக்கச் சுவரிலும் பின்கதவிலும் வரிசையாக ஒட்டி, காலியான சாலையில் வண்டியை ஓட்டச் சொல்லி, பின்னும் பக்கமும் இருந்து வீடியோ எடுங்கள். காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும்; பிரியும் இடத்தில் துடிக்கும், சில நேரம் எதிர்த்திசைக்கே திரும்பும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினிப் படத்தைத் திறந்து பாருங்கள்.